வாடைக்கு எதிரே போன பாய்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஒரு விமான விபத்தைப் பற்றிய கதை. ஆனால் பிறந்தது ஆகாயத்தில் இல்லை, என் வீட்டு அடுப்படியில்.

போன மாதம் ஒரு காலையில் பால் பொங்கி வழிந்தது. பக்கத்தில் நின்றவள் நான். "கவனம் வேணாமா?" என்றார் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. விசாரணை முடிந்தது, தீர்ப்பும் வந்தாயிற்று. முந்தின நாள்தான் சிலிண்டர் மாற்றியிருந்தோம், தீ சீறிக்கொண்டு எரிந்தது என்று நான் சொல்லவில்லை. வழக்கமான பெரிய பாத்திரத்தைப் பக்கத்து வீட்டு வளைகாப்புக்குத் தூக்கிக் கொடுத்தவர் அவரேதான் என்றும் சொல்லவில்லை. வாசலில் மணி அடித்தபோது, வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போயிருந்தால் நான் அடுப்பை விட்டு நகர்ந்திருக்கவே மாட்டேன் என்பதையும் விழுங்கிக்கொண்டேன். சொன்னால், ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார். பழமொழியைக் கைவசம் வைத்திருப்பவரோடு வாதாடி ஜெயித்தவர்கள் கிடையாது.

அடுப்பைத் துடைத்துக்கொண்டே நினைத்தேன். பாலுக்கே இந்த நியாயம் என்றால், ஏழு பேர் உயிரைக் கையில் வைத்திருப்பவன் கதி என்ன? எங்கேயாவது விமானம் விழுந்தால் மறுநாளே இரண்டு வார்த்தை வந்துவிடுகிறது: விமானியின் தவறு. அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை சிலிண்டர், எத்தனை வளைகாப்பு ஒளிந்திருக்குமோ! கரித்துணியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

(உனக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். இரண்டு தடவை ஏறியிருக்கிறேன். இரண்டு தடவையும் இறங்குகிறபோது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அதனால்தான் இறங்குவதைப் பற்றி எழுதுகிறேன்.)

2

தொடக்கம் ஒன்று: "தை மாதத்து நீல வானத்தில் அந்தச் சிறிய விமானம் ஒரு பருந்தைப் போல"

பருந்தாம்! அடித்துவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "விமானி ஹமீது சுல்தான் அன்று காலை மதுரையில் புறப்படும்போதே அவன் மனம் என்னவோ"

இதுவும் வேண்டாம். விமானியின் மனசில் தொடங்கினால் பழியும் அங்கேயே போய்த்தான் முடியும். அவன் மனம் அன்று என்னவோவெல்லாம் செய்யவில்லை. இரண்டு இட்லி தின்றுவிட்டு, நன்றாக இருந்தான்.

தொடக்கம் மூன்று. இதுதான் நின்றது:

பூமிநாதன் ஒரு வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, புது பூட்ஸோடு, சூடைமுனை மணலில் இறங்கினான்.*

* தேவிபட்டினத்துக்குத் தெற்கே சூடைமுனையைத் தேடி அலையாதீர்கள். நான் வைத்த ஊர். ஊரின் வழக்கங்களும், விபத்தும், விமானக் கம்பெனியும் என் கைச்சரக்குதான். காலம், ஐம்பதுகளின் கடைசி. வருஷத்தைச் சொன்னால் யாராவது பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

3

பூமிநாதனுக்கு அபிராமம். கரிசல் காட்டுப் பிள்ளை. இருபத்தெட்டு வயது, விமான விபத்துகளை விசாரிக்கும் அலுவலகத்தில் உதவி அதிகாரி. கடலை அதுவரை மூன்று முறை பார்த்திருக்கிறான், மூன்று முறையும் ரயில் ஜன்னல் வழியாக.

சூடைமுனையில் யுத்தகாலத்து ஓடுதளம் ஒன்று இருந்தது. கரையோரமாக, வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும். வாரத்துக்கு இரண்டு முறை ஒரு சிறிய விமானம் மதுரையிலிருந்து வடநாட்டு யாத்ரீகர்களைக் கொண்டுவந்து அங்கே இறக்கும். அவர்கள் அங்கிருந்து மாட்டுவண்டி பிடித்து, ரயிலேறி ராமேஸ்வரம் போவார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை விமானம் தெற்குக் கோடியில் நிற்காமல் ஓடி, அங்கிருந்த கம்பத்தை முறித்துக்கொண்டு, உப்பளத்து வாய்க்காலில் போய்க் குப்புற விழுந்தது. ஆறு யாத்ரீகர்களுக்கு அடி. விமானிக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

என்ன நடந்தது என்பதில் மர்மமே இல்லை. விமானம் காற்றை எதிர்கொண்டு இறங்க வேண்டும். காற்றே அதற்குப் பாதி பிரேக். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு இறங்கினால், தள்ளிவிட்ட வண்டி மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு வாடை, அதாவது வடக்குக் காற்று, பலமாக வீசியது. சுல்தான் வடக்கேயிருந்து தெற்கு நோக்கி இறங்கிவிட்டான்.

"அதான் தெரிஞ்சு போச்சே," என்று மதராஸில் மேலதிகாரி ராமசுப்பிரமணியன் சொல்லி அனுப்பியிருந்தார். "காத்தை முதுகுல வாங்கிண்டு இறக்கியிருக்கான். போய் நாலு போட்டோ எடு, நாலு பேரை விசாரி, திங்கட்கிழமை அறிக்கை என் மேஜைக்கு வரணும். படிவத்துல 'காரணம்'னு ஒரு கோடு இருக்கும். ஒரே ஒரு வரி. அதுல என்ன எழுதணும்னு உனக்கே தெரியும்."

தெரியும்தான். அந்த வரியை எழுதினால் ஹமீது சுல்தானின் உரிமம் ரத்தாகும். அவன் இனி எந்த விமானத்திலும் ஏறி ஓட்ட முடியாது.

பூமிநாதன் உடைந்த கம்பத்தைப் பார்த்தான். அதன் உச்சியில் ஒரு துணிப்பை இருந்திருக்க வேண்டும். இரு பக்கமும் திறந்த நீளமான பை. காற்று எங்கிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் ஊதிக்கொண்டு நீளும். மேலே இருப்பவன் அதைப் பார்த்துத்தான் காற்றின் திசையை அறிவான். கம்பத்தில் துணியும் இல்லை, கிழிந்த துண்டும் இல்லை. பை, ஓடுதளத்துக் கொட்டகைக்குள் நான்காக மடித்து, மேலே ஒரு கல் வைத்து, பத்திரமாக இருந்தது.

4

இங்கே யாக்கோபு வர வேண்டும். ஓடுதளத்துக் காவலாள். துணியைக் கழற்றி மடித்து வைத்தவன்.

யாக்கோபை நான் முதல் வரைவில் குடிகாரனாக எழுதினேன். எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா! பனங்கள்ளைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டான், துணியை ஏற்றவில்லை, கதை முடிந்தது. எழுதி முடித்து அடுத்த பக்கம் திருப்புகிறேன், சுரீர் என்றது. என் வீட்டுக்காரர் எனக்குச் செய்ததைத்தானே நான் யாக்கோபுக்குச் செய்கிறேன்? கதை எழுதுகிறவர்களுக்கு இது கைவந்த வியாதி. எங்கே முட்டினாலும் ஒரு கெட்டவனைப் பிடித்து நிறுத்திவிடுவோம். அவன் தலையில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, அப்பாடா என்று மூச்சு விடுவோம். குடிகாரப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது இருக்கிற யாக்கோபுக்கு நாற்பது வயது. குடிக்க மாட்டான். வெற்றிலைகூடக் கிடையாது. அப்பன் பாட்டன் எல்லாம் கடலோடிகள். அவனுக்கு மட்டும் சங்கு குளித்ததில் காது போய்விட்டதால் கரையில் வேலை. [இந்தக் காதை வைத்து ஏதாவது செய்யலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். ஒரு காது நன்றாகவே கேட்கும்.]

"துணியை ஏன் இறக்குனீங்க?" என்று பூமிநாதன் கேட்டான்.

"ஊர்ல சாவுங்கய்யா. வியாகுலம் மாமா தவறிட்டாரு, திங்கக்கெழமை பொழுது சாய. சாவு விழுந்தா இங்கன எந்தக் கம்பத்துலயும் துணி பறக்காது. படகுப் பாயெல்லாம் எறக்கிருவோம். கோயில் கொடியவும் எறக்கிருவோம். இது மட்டும் பறந்தா நல்லாவா இருக்கும்? அதான் எறக்கி மடிச்சு வச்சேன்."

"அது கொடி இல்லையே! அந்தத் துணி எதுக்கு இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"கம்பெனிக் கொடிதானங்க? தொறந்திருக்குன்னு காட்டுறதுக்கு. வேலைக்குச் சேத்தப்ப, 'காலையில ஏத்து, சாயந்தரம் எறக்கு'ன்னாக. ரெண்டு வருசமா ஒரு நா தப்பல. நம்ம சனம் அதைத் துரை நிஜாருன்னு சொல்லிச் சிரிக்கும்."

"காற்று எங்கிட்டிருந்து வருதுன்னு பார்க்கிறதுக்குங்க அது."

யாக்கோபு அவனை ஏற இறங்கப் பார்த்தான். படித்த பிள்ளை கிண்டல் செய்கிறதோ என்று ஒரு சந்தேகம்.

"காத்தப் பாக்கத் துணி எதுக்குங்க? மூஞ்சி இருக்கே!"

பூமிநாதன் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். உண்மைதான். அவன் நிற்கிற இடத்தில் வாடை இடது கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தது. அபிராமத்தில் களத்து மேட்டில் முறத்தைத் தூக்குவதற்கு முன் அவன் அம்மா எந்தத் துணியையும் பார்த்ததில்லை. முகத்தை இப்படி ஒரு தரம், அப்படி ஒரு தரம் திருப்புவாள், நெல்லைத் தூற்றத் தொடங்கிவிடுவாள்.

"மேல இருக்கிறவருக்குத் தெரியாதுங்க, யாக்கோபு."

"அதெப்படிங்கய்யா தெரியாமப் போகும்? நாம கரையில நிக்கிறோம். அவரு காத்துக்குள்ளயேல்ல இருக்காரு!"

பூமிநாதன் குறிப்பேட்டில் இதை எழுதிக்கொண்டான். எழுதிவிட்டு அடியில் ஒரு கோடு போட்டான். ஏன் போட்டான் என்று அவனுக்கே தெரியாது. இரண்டு வருஷமாக ஒருவன் தினமும் துணியை ஏற்றியிருக்கிறான், அது எதற்கென்று ஒருவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. காற்று தெரியாத மனுஷன் ஒருவன் உலகத்தில் இருப்பான் என்று இவனுக்கும் தோன்றவில்லை.

5

வெள்ளிக்கிழமை காலை பூமிநாதன் ராமநாதபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். "நானும் வாரேன்" என்று யாக்கோபு பஸ்ஸில் ஏறிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தும் கேட்கவில்லை.

(ஒரு வரைவில் எல்லோரையும் பிழைக்கவைத்தேன். பிறகு அது ஏமாற்று வேலை என்று பட்டது. யாரும் சாகாவிட்டால் மன்னிப்பது சுலபம். ஆகவே ஒருவர் செத்தார். பிரயாகைப் பக்கத்துப் பெரியவர், மார்பில் அடி. மூன்று நாள் கிடந்து, இவர்கள் போய்ச் சேர்ந்த அந்த வெள்ளிக்கிழமை காலை போய்விட்டார். பேரைக்கூட நான் வைக்கவில்லை. மன்னியுங்கள், பெரியவரே.)

ஹமீது சுல்தானுக்குச் செய்தி தெரிந்திருந்தது. கீழக்கரைக்காரன். பாட்டனார் காலத்தில் நாலு பாய்மரக் கப்பல் கொழும்புக்கும் காயலுக்கும் ஓடிய குடும்பம். கால் மேலே கட்டித் தொங்க, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தான்.

"என் கைதான் சார் இறக்குச்சு," என்றான். "என் பேரை எழுதிட்டுப் போங்க. அந்தப் பெரியவருக்கு நான்தான் பதில் சொல்லணும், இங்கேயும், மறுமையிலேயும்."

"துணி இல்லைன்னு பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இல்லைன்னா என்ன, நான் எப்பவும் அதைப் பார்க்கிறதில்லையே."

பூமிநாதன் நிமிர்ந்தான். "பின்னே எதைப் பார்ப்பீங்க?"

"கடலைப் பார்ப்பேன். படகுப் பாயை. பத்துப் பதினஞ்சு பாய் எப்பவும் நிக்கும். காத்து எங்கே, எவ்வளவு பலம், அதுல எல்லாம் எழுதியிருக்கும். துணி அழுக்கேறிக் கனத்துத் தொங்கும் சார், பொய் சொல்லும். பாய் பொய் சொல்லாது. வாப்பா மடியில உட்கார்ந்து படிச்சது."

"அன்னிக்கு?"

"அன்னிக்கு ஒரே ஒரு பாய். வடக்கே பார்த்துப் போய்க்கிட்டிருந்துச்சு, நல்லா, சீரா. பாய் விரிச்சு வடக்கே போகுதுன்னா காத்து தெற்கேயிருந்து தள்ளுதுன்னு அர்த்தம். தை மாசத்துல தெக்கத்திக் காத்தான்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன், அல்லாஹ் அறிய யோசிச்சேன். ஊர்ல புகை வருதான்னு பார்த்தேன். ஒரு வீட்டுலயும் புகையில்லை. பின்னால ஒரு அம்மா வாந்தி எடுத்துக்கிட்டு, 'இறக்கு, இறக்கு'ன்னு அழறாங்க. சரி, பாய் பொய் சொல்லாதுன்னு இறக்கிட்டேன்."

யாக்கோபு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அது வியாகுலம் மாமா படகு," என்றான்.

சூடைமுனையில் இறந்தவரை வடக்கே முனைக் கோயில் கல்லறைக்குக் கடல்வழியாகத்தான் கொண்டுபோவார்கள். அவருடைய படகிலேயே வைத்து, அவருடைய பாயையே ஏற்றி. அன்றைக்கு ஊரில் பறக்கிற ஒரே துணி அதுதான். ஆனால் காற்றைக் கொண்டு ஓட்டமாட்டார்கள். பாயின் கீழ்முனையைக் கட்டாமல் அவிழ்த்து விட்டுவிடுவார்கள், அது சும்மா படபடக்கும். எட்டு ஆட்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, தோளில் கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பார்கள். "உசிரோட இருக்கையில காத்து இழுத்துச்சு, கடைசியில நாம இழுப்போம்" என்பது ஊரின் பேச்சு. அப்படித்தான் செவ்வாய்க்கிழமை காலையில் வியாகுலம், வாடைக்கு நேர் எதிரே, சீராகப் போய்க்கொண்டிருந்தார். மேலேயிருந்து பார்த்தால் வெள்ளையாக ஒரு முக்கோணம். தண்ணீரில் எட்டுப் புள்ளி, வலை மிதப்பு மாதிரி. சாவு விழுந்த ஊரில் அன்று எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

இதை யாக்கோபு திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். 

"காத்துக்குள்ள இருந்தா காத்து தெரியாதாங்கய்யா?" என்றான் யாக்கோபு, விமானியைப் பார்த்து. முந்தின நாளிலிருந்து மனசில் அரித்த கேள்வி.

"தெரியாது. அதோட சேர்ந்து நாமும் போறோம்ல. ஆத்துல மிதக்கிற கட்டைக்கு ஆறு ஓடுறது தெரியுமா? கீழே யாராவது நின்னு சொன்னாத்தான் உண்டு."

"அப்ப, இந்த ரெண்டு வருசமும் எங்க பாயைப் பாத்தா நீங்க எறங்குனீக?"

"ஒவ்வொரு தடவையும்."

"எங்ககிட்டச் சொல்லவே இல்லையே!"

சுல்தான் சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வழிந்தது. "நீங்க மீன் பிடிக்கிறீங்க. அதைப் போய் என்னன்னு சொல்றது?" பிறகு பூமிநாதனின் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், பறக்கிறதைத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. உரிமம் போனா நான் செத்த மாதிரிதான். ஆனா இதையெல்லாம் எழுதினீங்கன்னா உங்க ஆபீஸ்ல என்னை விட்டுட்டு இவரைப் பிடிப்பாங்க. செத்தவரையும் அவர் சாதிசனத்தையும் முட்டாளும்பாங்க. வேண்டாம். ஒரு வரிதானே, என் பேரையே போட்டுடுங்க."

6

இந்த இடத்தில் இரண்டு நாள் எழுதவில்லை. முட்டுச் சந்து என்று நினைக்காதீர்கள். பிரமிப்பு. நானே கட்டின கதைதான், ஆனாலும் வாயடைத்துப் போனேன்.

பூமிநாதனும் சனிக்கிழமை பகலெல்லாம் சூடைமுனைக் கரையில் கவிழ்த்த படகு ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான். பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தான். விபத்து எப்படி நடந்தது என்று யோசிக்கத்தான் வந்தான். ஆனால் யோசனை தலைகீழாகத் திரும்பிக்கொண்டது. ஒரு துணி இறங்கி, ஒரு பாய் ஏறி, அடுப்புகள் அணைந்து, ஓர் அம்மா வாந்தியெடுத்து, இவ்வளவும் ஒரே காலையில் ஒன்றாகச் சேர்ந்ததால் விமானம் விழுந்தது. சரி. இரண்டு வருஷம் அது விழவில்லையே, அதற்கு என்னென்ன சேர்ந்திருந்தது? சூடைமீனுக்கு வலை போடப் போனவர்கள். அவர்களுக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்பு மூட்டியவர்கள். தன் பாயை ஒட்டுப்போட்டு விரித்த வியாகுலம். இவர்களில் ஒருவருக்கும், தாங்கள் ஒரு விமானத்தைக் கைத்தாங்கலாகத் தரையிறக்குகிறோம் என்று தெரியாது. தலைக்கு மேல் இரைச்சல் கேட்டால் நிமிர்ந்து பார்த்துவிட்டு வலையை இழுத்திருப்பார்கள். அவ்வளவு உயரத்தில் போகிற ஒன்று, இவ்வளவு கீழே இருக்கிற ஒட்டுத் துணிகளின் மேல் நின்றுகொண்டிருந்திருக்கிறது. பூமிநாதன் வாய்விட்டு "அடேயப்பா!" என்றான். பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

(எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. பால் பொங்கின ஒரு நாளைப் பற்றி இவ்வளவு பேசுகிறேனே, பொங்காத ஆயிரம் நாள்? அதில் வீட்டுக்காரர் எழுந்து போய் மணிக்குக் கதவு திறந்த நாள்களும் இருக்கும். ஒப்புக்கொள்கிறேன், அரை மனசோடு.)

7

சனிக்கிழமை சாயங்காலம் பூமிநாதன் தபாலாபீஸிலிருந்து ராமசுப்பிரமணியனுக்கு டிரங்க் கால் போட்டான். நான்கு பக்கம் எழுத வேண்டும் என்றான்.

"ஏன்யா, நாவலா எழுதறே?" என்றார் அவர். "சரி, விமானி இல்லேன்னா யாரு? காவலாளா? அவன் பேரை எழுது. எவனாவது ஒருத்தன் இருந்தாத்தான் ஃபைல் மூடும்."

"ஒருத்தர் இல்லீங்க சார்."

"ஒருத்தரும் காரணமில்லாம ஒரு மனுஷன் செத்தானா? அந்தக் கிழவருக்கு ஒரு பிள்ளை இருக்கான், தெரியுமோல்லியோ? அவன் வந்து கேட்டா என்ன சொல்லுவே, காத்துன்னா?"

(இவரை வில்லனாக்க ஆசையாக இருந்தது. மூக்குப்பொடி, முன்கோபம் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. எனக்கே பதில் தெரியவில்லை.)

"இன்னொண்ணு சார். கம்பம் உடைஞ்சு கிடக்கு. புதுசு வர்ற வரைக்கும் விமானம் வரவேண்டாம்னு கம்பெனிக்குச் சொல்லணும்."

"கம்பெனிக்காரா முன்னாடியே தந்தி குடுத்துட்டா. முப்பது யாத்ரீகர்கள் மதுரையில காத்துண்டிருக்காளாம். ஞாயித்துக்கிழமைன்னும் பார்க்காம நாளைக்கே ஒரு புது விமானி ஓட்டிண்டு வரானாம். கெட்டிக்காரனாம்." போன் அறுந்துவிட்டது.

கதையை இதற்கு மேல் எப்படிக் கொண்டுபோவது? எழுதிப் பார்த்த முடிவுகளை மறைக்காமல் காட்டுகிறேன்.

முடிவு ஒன்று: விசாரணை மன்றத்தில் பூமிநாதன் எழுந்து நின்று ஆவேசமாகப் பேசுகிறான், எல்லோரும் கைதட்டுகிறார்கள், சுல்தான் ஊன்றுகோலைத் தூக்கி எறிந்துவிட்டு— சினிமாக் கொட்டகைக்கு அனுப்பலாம்.

முடிவு இரண்டு: பூமிநாதன் பயந்துபோய் 'விமானியின் தவறு' என்று எழுதிவிடுகிறான். ஞாயிற்றுக்கிழமை அடுத்த விமானமும் அதே வாய்க்காலில் போய்

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.

முடிவு மூன்று என்று நான் ஒன்றும் யோசிக்கவில்லை. அதை யாகப்பம்மாள் பார்த்துக்கொண்டாள்.

8

யாகப்பம்மாள், வியாகுலத்தின் பெண்சாதி. கூடையில் மீன் சுமந்து தேவிபட்டினம் வரைக்கும் விற்றவள். கணவன் செத்தால் நாற்பது நாள் பெண்டாட்டி கடற்கரைப் பக்கம் கால் வைக்கக்கூடாது என்பது சூடைமுனை வழக்கம். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதும் வழக்கம், அது கர்த்தருடைய நாள்.

அந்த ஞாயிறு காலை பூமிநாதனும் யாக்கோபும் ஓடுதளத்து ஓரத்தில் பனையோலையைக் குவித்துத் தீ மூட்டிக்கொண்டிருந்தார்கள். புகை எழும்பினால் மேலே இருக்கிறவனுக்குத் திசை தெரியுமே என்று. துணிப்பையை ஒரு மூங்கிலில் கட்டி நட்டுப் பார்த்திருந்தார்கள், வாடை அதை மூங்கிலோடு சாய்த்துவிட்டது. ஓலையும் பனியில் நனைந்திருந்தது. வந்த கொஞ்சப் புகையையும் வாடை தரையோடு தரையாக இழுத்துக் கலைத்துவிட்டது. யாக்கோபு ஊதி ஊதிக் கண் சிவந்து நின்றான். விமானம் வர இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

கோயிலில் பூசை முடிந்து சனம் வெளியே வந்தது. யாக்கோபு ஆஸ்பத்திரிச் சங்கதியை முந்தின நாளே ஊரில் சொல்லியிருந்தான். கூட்டத்துக்கு நடுவிலிருந்து, கறுப்புச் சீலையோடு யாகப்பம்மாள் விலகி, நேரே கடற்கரையைப் பார்த்து நடந்தாள். பெண்கள் ஓடிவந்து கையைப் பிடித்தார்கள்.

"ஆத்தா, எங்கிட்டுப் போற? அஞ்சு நாதான ஆச்சு!"

"விடுங்கடி." உதறிவிட்டாள். படகுகளைத் தாண்டி, அலை காலில் படுகிற இடத்தில் போய் நின்று திரும்பினாள். "எம் புருசன் பாயைப் பாத்து ஒரு பிள்ளை ஏமாந்து போயிருச்சாம். ஒரு பெரிய மனுசன் உசிரு போச்சாம். எம் மனுசன் நாப்பது வருசம் பாய் விரிச்சாரு, ஒரு நா யாரையும் ஏமாத்துனது இல்ல. இன்னைக்கும் ஒரு கூட்டம் வருதாம்ல மேல. ஏலே, மரம் மாதிரி நிக்காம தள்ளுங்கலே படகை!"

"ஞாயித்துக்கெழமையாச்சே, ஆத்தா," என்றார் ஒருவர்.

"மீனா பிடிக்கச் சொன்னேன்? பாயை விரிக்கத்தான சொல்றேன். கர்த்தர் கேட்டா யாகப்பம்மா சொன்னான்னு சொல்லு."

 பிறகு ஒரு படகு மணலில் கரகரத்தது. அடுத்து இன்னொன்று. வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, பூசைக்குப் போட்ட சட்டையோடு ஆண்கள் தண்ணீரில் இறங்கினார்கள். கடைசியாக, ஓட்டுவதற்கு ஆளில்லாமல் நின்ற வியாகுலத்தின் படகையும் தள்ளினார்கள். பதினொரு படகு. வலை இல்லை, தூண்டில் இல்லை. பாயின் கீழ்முனையை இறுக்கிக் கட்டினார்கள். வாடை வந்து அடித்ததும் பதினொரு பாயும் ஒன்றாக வயிறு தள்ளி, தெற்கு நோக்கிப் புறப்பட்டன. பூமிநாதன் பனையோலையையும் தீப்பெட்டியையும் கீழே போட்டுவிட்டான். தன்னையறியாமல் இரண்டு கையையும் கூப்பியிருந்தான், யாரைப் பார்த்து என்று தெரியாமலே.

இரைச்சல் கேட்டது. விமானம் ஒரு சுற்றுச் சுற்றியது. ஓடுதளத்துக்கு மேலே தாழ வந்து, கம்பத்தைத் தேடியது போல் தயங்கி, உயர்ந்தது. வடக்கே போய்த் திரும்பியது. வடக்கேயிருந்து இறங்கப்போகிறதோ என்று யாக்கோபு தலையில் கையை வைத்துவிட்டான். ஆனால் அது கடலின் மேல் வந்தது. பாய்களுக்கு மேலே அகலமாக ஒரு வளைவு போட்டு, தெற்கே சுற்றிக்கொண்டு, வாடைக்கு முகம் கொடுத்து, மெதுவாக, மிக மெதுவாக இறங்கி, ஓடுதளத்தின் பாதியிலேயே நின்றது.

புது விமானி குதித்து இறங்கினான். மதராஸ்காரன், இருபத்தாறு வயது, சீவின தலை கலையவில்லை. பூமிநாதனோடு கை குலுக்கினான்.

"பார்த்தீங்களா சார்? கம்பம்கூட இல்லாம எறக்கிட்டேன்! இதுக்குத்தான் கை வேணும்கிறது."

"காற்று எப்படித் தெரிஞ்சுச்சு?"

"அதான் கடல் பூரா பாய் நிக்குதே." கடலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினான். "இன்னிக்கு மீன் நல்லாப் படுது போல?"

யாக்கோபு வாயைத் திறந்தான். பூமிநாதன் அவன் தோளைத் தொட்டான்.

"ஆமா," என்றான் பூமிநாதன். "நல்லாப் படுது."

9

அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

பூமிநாதன் ஞாயிற்றுக்கிழமை பகல் ரயிலில் மதராஸுக்கு ஏறினான். மடியில் நான்கு பக்க அறிக்கை இருந்தது. அதற்கு மேல் குத்தியிருந்த படிவத்தில் 'காரணம்' என்ற கோடு மட்டும் இன்னும் காலி. நான்கு பக்கத்தையும் யாராவது படிப்பார்களா என்பது சந்தேகம். கோட்டை நிச்சயம் படிப்பார்கள். சுல்தான் பெயரை அதில் எழுதினால் அவன் இனிப் பறக்க மாட்டான். யாக்கோபு பெயரை எழுதினால் அவன் பிழைப்புப் போகும், ஊர்ப் பெயரும் கெடும். ஒன்றுமே எழுதாவிட்டால் பிரயாகைப் பெரியவரின் மகன் வந்து கேட்பான்.

நான் எழுதிப் பார்க்காமல் இல்லை. இருபத்துமூன்று வரி எழுதினேன். ஒன்றில் யாராவது ஒருவர் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள், இன்னொன்றில் செத்தவரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். விமானியை ஒதுக்கிவிட்டு எழுதவும் கூடாது, விமானியோடு நிறுத்தவும் கூடாது. அந்த வரி எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார், அவருக்கும் கிடைக்கவில்லை.

ஆகவே படிவத்தை உங்களிடம் தருகிறேன். ரயில் மதராஸ் போய்ச் சேர நேரம் இருக்கிறது. ஹமீது சுல்தான் ராமநாதபுரத்தில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறான், இனித் தன் வாழ்நாளில் ஒருமுறையாவது மேலே போவோமா என்று. சூடைமுனையில் விமானம் இறங்கி மூன்று மணி நேரமாகிவிட்டது. வாடையோடு தெற்கே வெகுதூரம் போய்விட்டதால், மேலே இருக்கிறவன் பத்திரமாக இறங்கிவிட்டான் என்று கடலில் இருப்பவர்களுக்கு நிச்சயமாகத் தெரியாது. அதனால் பதினொரு படகில் ஒன்றுகூட இன்னும் பாயை இறக்கவில்லை.

காரணம்: ____________________